மிஸ்டர் பீன்: சிரிச்சுக்கிட்டே எரிச்சல் வர்றது எனக்கு மட்டும்தானா?

#1 மழைக்காகிதம்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சுட்டுப் போயிட்டிருந்தேன், இன்னைக்கு எழுதியே ஆகணும்னு வந்திருக்கேன்.

சின்ன வயசுல மிஸ்டர் பீன்னா எனக்கு உசிரு. ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்மைக் கூட மாத்தாம போகோ சேனல் முன்னாடி உக்காந்துடுவேன். அம்மா தட்டுல என்ன வெச்சாங்கன்னே தெரியாம சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு.

போன வாரம் என் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு 7 வயசு. அந்த கிறிஸ்துமஸ் எபிசோடு. வான்கோழிக்குள்ள தலை மாட்டிக்கிட்டு அந்த ஆள் வீடெல்லாம் முட்டிக்கிட்டு திரியறதப் பாத்து ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். அப்புறம் அவனோட காதலி இர்மா வர்றா. நகைக்கடை சன்னல்ல இருக்கிற மோதிரத்தை அவ ஆசையா காட்டியிருப்பா. இந்த ஆள் மோதிரத்துக்குப் பின்னாடி விளம்பரத்துக்கு வெச்சிருந்த படத்தை வாங்கிட்டு வந்து நீட்டுறான். முகம் வாடுது. சட்டுனு ஞாபகம் வந்த மாதிரி ஒரு குட்டி மோதிரப் பெட்டியை எடுத்துக் கொடுக்கறான். அவ முகத்துல அவ்ளோ வெளிச்சம்! திறந்தா, அந்தப் படத்தை மாட்டுறதுக்கு ஒரு கொக்கி. அழுதுக்கிட்டே போயிடறா.

என் பொண்ணு திரும்பி, "அம்மா, அந்த அக்கா அழறாங்களே, அவர் ஸாரியே சொல்லலை?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரலை. அதுக்கப்புறம் போட்ட எபிசோடுல எல்லாம் அந்த ஆள் அடுத்தவங்களுக்குப் பண்ற அநியாயம் மட்டும்தான் கண்ல படுது. எபிசோடுக்கு எபிசோடு வர்ற அந்த மூணு சக்கர நீல வண்டிக்காரனை எதுக்கு கவுக்கறான்? என்ன பகை?

நான் மாறிட்டேனா, இல்ல அவன் எப்பவுமே இப்படித்தானா?

#2 டீக்கடை_பெஞ்சு

அக்கா, நீங்க மாறிட்டீங்க. வயசாகுதுல்ல 😄

#3 சுவர்க்கோழி

அவன் எப்பவுமே அப்படித்தான். நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, யாரும் கேக்கறதில்லை. சுயநலம், பொறாமை, அற்பத்தனம். தேவாலயத்துல பக்கத்துல உக்காந்தவரைப் படாதபாடு படுத்துவான், பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரை எட்டிப் பாப்பான், ஆஸ்பத்திரியில வரிசையைத் தாண்டக் குறுக்குவழி தேடுவான். இதே நடிகர் ரோவன் அட்கின்சன் 'பிளாக்ஆடர்'ங்கிற இன்னொரு காமெடித் தொடர்ல ஒவ்வொரு வரியையும் கத்தி மாதிரி இறக்குவார். அப்படிப்பட்ட நாக்கை வெச்சுக்கிட்டு உம்ம்... ம்ம்ன்னு முனகவிட்டதே எனக்குப் பெரிய வருத்தம்.

#4 பழைய_ஆண்டெனா

மழைக்காகிதம் அவர்களுக்கு: நல்ல கேள்வி. இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

ரோவன் அட்கின்சனே இந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பல முறை சொன்னது, இது வளர்ந்த ஆளின் உடம்புக்குள் இருக்கும் ஒரு குழந்தை என்பதுதான். குழந்தை என்றதும் நமக்கு உடனே கள்ளம் கபடம் இல்லாத பிள்ளை நினைவுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் நாலு வயதுப் பிள்ளை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பந்தைத் தரமாட்டான், அடுத்தவன் கேக்கில் பெரிய துண்டு எங்கே என்று பார்ப்பான், தான் உடைத்ததைத் தம்பி மேல் போடுவான். பீன் அந்தக் குழந்தை.

உணவகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னவென்றே தெரியாமல் 'ஸ்டேக் டார்டார்' கேட்டுவிடுகிறான். வருவது பச்சை மாட்டிறைச்சிக் கொத்து. பிடிக்கவில்லை என்று சொல்ல வெட்கம். பூச்சாடியில், சர்க்கரைக் கிண்ணத்தில், ரொட்டிக்குள், பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பையில் என்று ஒளித்துக்கொண்டே போகிறான். கடைசியில் பரிமாறுபவரின் காலைத் தட்டிவிட்டு, பழி முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடுகிறான். மேலாளர் பதறி மன்னிப்புக் கேட்டு, வேறு மேசையில் உட்காரவைத்து, புதிதாக ஒரு தட்டு கொண்டுவந்து வைக்கிறார். அதே பச்சை இறைச்சி!

கெட்டவன் தப்பிப்பதில்லை. அந்தக் கணக்கு அங்கே சரியாக இருக்கிறது. இர்மாவின் காட்சியில் அந்தக் கணக்கு நேராகவில்லை, அதனால்தான் உங்களுக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

#5 கூச்சப்புலி

நான் இன்னொரு கோஷ்டி. எனக்கு அவன் நல்லவனா கெட்டவனான்னு பிரச்சினையே இல்லை. என்னால பாக்கவே முடியாது. உடம்பெல்லாம் கூசும். அந்த நீச்சல்குளம் எபிசோடு வந்தா நான் தலகாணியில முகத்தைப் புதைச்சுப்பேன். உயரப் பலகையில ஏறிட்டு குதிக்கவும் முடியாம இறங்கவும் முடியாம நிப்பான் பாருங்க, நான் நிக்கற மாதிரியே இருக்கும். வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க, நான் மட்டும் எந்திரிச்சு சமையல்கட்டுக்குத் தண்ணி குடிக்கப் போயிடுவேன். அப்புறம் கதவு இடுக்குல நின்னு எட்டிப் பாப்பேன். வேணாம்னும் இருக்கும், விடவும் முடியாது.

#6 டீக்கடை_பெஞ்சு

கூச்சப்புலி, கைகொடுங்க பாஸ். எங்க அப்பாவும் இதே கேஸ்தான். "அந்தக் கிறுக்குப்பய வந்துட்டான், சேனலை மாத்துடா"ம்பார். மாத்துனா, "இருடா, அவன் எப்படி வெளிய வர்றான்னு பாத்துட்டு மாத்து"ம்பார்.

#7 ஒண்டாரியோ_குளிர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரிசா எழுதுற ஆள் இல்லை, ஆனா இதுக்கு எழுதாம விட ஏலாது.

என்ர அம்மம்மா இஞ்ச கனடாவுக்கு வந்த காலத்தில ஒரு சொல்லு இங்கிலீஷ் தெரியாது. பகல் முழுக்க வீட்டில தனிய. அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலை, நாங்கள் பள்ளிக்கூடம். பின்னேரம் நாங்கள் வந்தா அவ சொல்லுறது, "இண்டைக்கு அந்த மூஞ்சிக்காரன் என்ன செய்தவன் தெரியுமோ" எண்டுதான். கதையை எங்களுக்கு நடிச்சே காட்டுவா. சப்பாத்தைக் கழட்டி மிளகை நொறுக்கிறது, மீனை வாங்கில அடிச்சுக் கொல்லுறது, கீரையைக் கழுவிச் சொக்ஸுக்குள்ள போட்டுச் சுழட்டித் தண்ணி வடிக்கிறது... அந்தப் பூங்காச் சாண்ட்விச் கட்டம் முழுக்க எங்கட வீட்டுக் குசினியில நடந்திருக்கு.

பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, 1987ல மொன்றியல் நகைச்சுவை விழாவில அட்கின்சன் வேணுமெண்டே பிரெஞ்சு மொழி மேடையில இந்த வேஷத்தைச் செய்து பாத்தவர் எண்டு. மொழி விளங்காத சனம் சிரிக்குதோ எண்டு பரீட்சை. எங்கட அம்மம்மாவும் அந்தப் பரீட்சையில ஒரு ஆள்தான். அவ இருந்தவரைக்கும் வீட்டில ஆரும் பீனைப் பற்றிக் குறை சொல்ல ஏலாது.

ஆனா மழைக்காகிதம் சொல்லுறதும் விளங்குது. அம்மம்மாவும் அந்தப் பெட்டை அழுற கட்டத்தில "போடா மடையா" எண்டு டிவிக்குப் பேசினவ.

#8 மழைக்காகிதம்

ஒண்டாரியோ, உங்க அம்மம்மாவை நேர்ல பாத்த மாதிரி இருக்கு. "மூஞ்சிக்காரன்" ❤️

#9 வயர்மேன்_95

ஒரு தகவல் சொல்லிக்கறனுங்க. எல்லாரும் இதை நூறு இருநூறு எபிசோடு ஓடுன தொடர்ன்னு நெனச்சுட்டிருக்காங்க. மொத்தமே 15 தானுங்க! 1990 ஜனவரி 1ல இங்கிலாந்து ஐடிவி சேனல்ல ஆரம்பிச்சு 1995ல முடிஞ்சுது. அதுலயும் முடிதிருத்தற கடை வர்ற எபிசோடு வீடியோ கேசட்டுக்குன்னு வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டு நம்மளை ஏமாத்திட்டாங்க.

இன்னொண்ணு. அட்கின்சன் நம்ம ஆளுங்க. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். நியூகாசில்ல படிச்சுட்டு ஆக்ஸ்ஃபோர்டுல மேல்படிப்பு. அங்கதான் இந்தத் தொடரைச் சேர்ந்து எழுதுன ரிச்சர்ட் கர்ட்டிஸ் பழக்கம், அங்கதான் இந்த முகம் உருவாச்சு. எனக்கு அந்த ஆளோட வேலையில புடிச்சதே அதுல இருக்கற சர்க்யூட்தானுங்க. எந்தப் பொருளும் சும்மா வராது. ஒரு பிரச்சினை, அதுக்கு அவனா ஒரு தீர்வு, அந்தத் தீர்வே அடுத்த பிரச்சினை. சோபாவை வாங்கிட்டான், கார்ல இடமில்ல. சோபாவைக் கூரை மேல கட்டி, தானும் அதுல உக்காந்து, துடைப்பத்தையும் கயிறையும் வெச்சு ஓட்டறான் பாருங்க, எத்தனை தடவை பாத்தாலும் கணக்கு இடிக்காது. (ஓட்டற யோசனை நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் கோளாறு.)

நல்லவனா கெட்டவனான்னு மிஷினைப் பாத்துக் கேக்கறதில்லையேங்க?

#10 சுவர்க்கோழி

மேற்கோள் – வயர்மேன்_95: "நல்லவனா கெட்டவனான்னு மிஷினைப் பாத்துக் கேக்கறதில்லையேங்க?"

மிஷினுக்குக் காதலி கிடையாது சார்.

#11 டீக்கடை_பெஞ்சு

😂😂 செம

#12 நாஞ்சில்_ஆர்கன்

யாருமே பாட்டைப் பத்திப் பேசலியே மக்கா. நான் சபையில பாடகர் குழுவுல இருந்தவன். அந்த ஆரம்ப இசை வந்தாலே எனக்கு முதுகு நிமிந்துரும். ஹோவர்ட் குடால் போட்டது. இலத்தீன்ல பாடுவாவ. அர்த்தம் என்ன தெரியுமா? "இதோ, அவரைக்கொட்டையாகிய மனுஷன்." பீன்னா அவரைதானே! பிலாத்து இயேசுவக் காட்டி "இதோ, இந்த மனுஷன்"னு சொல்லுத இடம் வேதாகமத்துல இருக்குல்லா, அதே இலத்தீன் சொல்லுதான் அங்கயும். நடுராத்திரி, வெறிச்சுன்னு கிடக்குத ரோடு, மேலருந்து ஒரு வெளிச்சம், இவன் தொப்புன்னு வந்து விழுவான். பின்னால இந்த பாட்டு. வானத்துலருந்து வந்த ஆளு, ஆனா ஒண்ணுக்கும் ஆகாத ஆளு.

நான் இத சும்மா சொல்லல. இந்த உலகத்து வழக்கம் ஒண்ணும் தெரியாம வந்து விழுந்தவன்னு ஆரம்பத்துலயே சொல்லித்தாம் தொடங்குதாவ. இர்மாவுக்கு மோதிரம் வேணும்னு அவனுக்கு நெசமாவே வெளங்கல. படத்தக் காட்டுனா, படம் வாங்கிக் குடுத்தாச்சு. படத்துக்கு கொக்கி வேண்டாமா? அதையும் வாங்கிக் குடுத்தாச்சு. அவன் கணக்குல அவன் குறையே வைக்கல.

#13 மழைக்காகிதம்

நாஞ்சில் அண்ணா, இது நல்ல பாயிண்ட். ஆனா அவனுக்கு வெளங்காதுன்னா, பரீட்சையில காப்பி அடிக்கறது மட்டும் எப்படி வெளங்குது? அடுத்தவன் பேப்பரைப் பாக்கறது தப்புன்னு தெரிஞ்சுதானே ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கறான்? தனக்கு வேணும்னா எல்லாம் வெளங்குது. அடுத்தவங்களுக்கு வேணும்னா வெளங்கறதில்லை.

#14 நாஞ்சில்_ஆர்கன்

அது... சரிதாம்ல. மாட்டிவுட்டுட்டியளே.

#15 பட்டாம்பூச்சி_வலை

கார்ட்டூன் பீன்தான் பெஸ்ட். மத்ததெல்லாம் போர்.

#16 டீக்கடை_பெஞ்சு

தம்பி, கொஞ்சம் வெளிய வா, பேசணும்.

#17 சுவர்க்கோழி

2002ல வந்த கார்ட்டூனா? அட்கின்சன் குரல் கொடுத்தார்ங்கிறதைத் தவிர அதுல என்ன இருக்கு? பீனோட மொத்த வித்தையும் ஒரு நிஜ மனுஷ முகம் அப்படி வளையுதேங்கிற ஆச்சரியத்துலதான் இருக்கு. வரைஞ்ச முகம் எப்படி வேணா வளையும். அதுல ஆச்சரியம் எங்கேர்ந்து வரும்?

#18 பட்டாம்பூச்சி_வலை

உங்களுக்குத்தான் ஒரிஜினல் பீனும் பிடிக்கலையே. அப்புறம் என்ன முகம் வளையுது வித்தைன்னு புகழ்ச்சி? முதல்ல ஒரு பக்கம் நில்லுங்க பூமர் சார்

#19 மட்டுறுத்துநர்

பூமர், கீமர் எல்லாம் வேண்டாம். கார்ட்டூனுக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசுங்கள்.

#20 சுவர்க்கோழி

மட்டு ஐயா, பரவாயில்லை. தம்பி கேட்டது நியாயம்தான். எனக்கு அந்த முகம் பிடிக்கும், அந்த ஆளைப் பிடிக்காது. 2 மணிக்குத் தூக்கம் வரலைன்னா அதைத்தான் போட்டுப் பாக்கறேன், என்னத்தச் சொல்ல.

#21 வயர்மேன்_95

சினிமாவுல அவனை நல்லவனாக்கப் பாத்தாங்களே, அதைப் பத்தி என்ன சொல்றீங்க? 1997 படத்துல ஓவியர் விஸ்லர் தன்னோட அம்மாவை வரைஞ்ச ஓவியத்தை நாசம் பண்ணிட்டு, கடைசியில மேடையேறிப் பேச்சே பேசுவான். காசு கொட்டுச்சு, ஆனா எனக்கு அது பீன் மாதிரியே இல்லீங்க. அவன் வாயைத் திறந்து அவ்வளவு பேசுனா பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆயிடறான். 2007ல வந்த, பிரான்ஸ்ல நடக்கற படம் தேவலை. மொழி தெரியாத ஊருல விட்டதும் மறுபடியும் வாய் மூடிக்கிச்சு.

#22 பழைய_ஆண்டெனா

உண்மை. அந்த இரண்டாவது படத்தில் ஜாக் தத்தியின் வாடை பலமாக அடிக்கும். தன் ஊமைக் கோமாளித்தனத்துக்குப் பிரெஞ்சுக்காரர் தத்தியின் 'உலோ' பாத்திரம் ஒரு மூலம் என்று அட்கின்சன் மறைத்ததே இல்லை. ஆனால் உலோ யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர்; அவர் நடந்து போனால் பின்னால் உலகம் தானாக இடிந்து விழும். பீன் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையில்தான் இங்கே இத்தனை பேர் பிரிந்து நிற்கிறோம்.

இன்னொன்று. அட்கின்சனுக்கே இந்த ஆள் மேல் கலப்பான உணர்ச்சிதான். 2012இல் ஒரு பேட்டியில், ஐம்பது வயதைத் தாண்டியவன் குழந்தைத்தனம் பண்ணினால் பார்க்கக் கொஞ்சம் சோகமாகிவிடும் என்று சொன்னார். 2021இல் இன்னும் வெளிப்படையாக, பீனாக நடிப்பது தமக்கு அவ்வளவு இன்பமில்லை, மன அழுத்தமும் களைப்பும்தான் மிச்சம் என்றார். குரல் மட்டும் கொடுப்பது சுலபமாம். கார்ட்டூன் தம்பி இதைத் தன் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

#23 பட்டாம்பூச்சி_வலை

நன்றி ஐயா 😎

#24 கூச்சப்புலி

லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல கீபோர்டுல அந்த ஒத்த சுரத்தைத் தட்டிக்கிட்டு சலிச்சுப்போய் நிப்பாரே, அது மட்டும் எனக்குக் கூசலை. ஏன்னு தெரியலை. அங்க யாரும் அவமானப்படலைங்கறதாலயோ என்னவோ.

#25 டீக்கடை_பெஞ்சு

கிரிக்கெட் ஆளுங்க யாரும் இல்லையா இங்க? 2022 டி20 உலகக் கோப்பையில ஜிம்பாப்வே பாகிஸ்தானை 1 ரன்ல ஜெயிச்சதுக்குக் காரணமே மிஸ்டர் பீன்தான்யா! எப்பவோ பாகிஸ்தான்லேர்ந்து ஜிம்பாப்வேக்கு டூப்ளிகேட் பீனை அனுப்பிட்டாங்கன்னு அந்த ஊர்க்காரங்க கடுப்புல இருந்திருக்காங்க. ஜெயிச்சதும் ஜிம்பாப்வே ஜனாதிபதியே "அடுத்த தடவை நிஜ மிஸ்டர் பீனை அனுப்புங்க"ன்னு ட்வீட் போட்டார். ஒரு வார்த்தை பேசாத ஆளுக்காக ரெண்டு நாடு வாய்ச்சண்டை போட்டுச்சு.

#26 ஒண்டாரியோ_குளிர்

மழைக்காகிதம், ஒரு வேண்டுகோள். மகளுக்கு அந்த வருசப்பிறப்புப் பார்ட்டி எபிசோட்டைக் காட்டுங்கோ. சோபாவைக் காருக்கு மேல கட்டி ஓட்டுற அதே எபிசோட், முதல் பாதி. ரெண்டே ரெண்டு சிநேகிதர் வருவினம். குடுக்க ஒண்டுமில்லை. மரக்கொப்பை முறிச்சு, பாணில பூசுற மார்மைட் எண்ட உப்புப் பசையில தோய்ச்சு நொறுக்குத்தீனி எண்டு வைப்பான். வினிகருக்குள்ள சீனியைப் போட்டு வைன் எண்டு ஊத்துவான். வந்தவைக்கு எப்ப தப்புவம் எண்டு இருக்கு. அவன் பாக்காத நேரம் மணிக்கூட்டு முள்ளைத் தள்ளி 12 ஆக்கி, அவசரமாப் பாடிப் போட்டு, அடுத்த வீட்டுப் பார்ட்டிக்கு ஓடிடுவினம். அவன் படுக்கப் போயிடுவான்.

இதில ஆர் ஆரை ஏமாத்தினது? எனக்கு இப்பவும் அதைப் பாத்தா சிரிப்பு வந்து, பாதியில நிண்டுடும். உணவகத்தில பிறந்தநாள் வாழ்த்து மட்டையைத் தானே எழுதித் தானே பிரிச்சு ஆச்சரியப்படுறானே, அதுவும் இதே கணக்குத்தான்.

#27 சுவர்க்கோழி

ம்.

(இதுக்கு எதிர்வாதம் யோசிச்சேன். இல்லை. ஆனா அடுத்த நாள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க டப்பாவுக்குள்ள பட்டாசைக் கொளுத்தி வைப்பான், தொப்பியை மறந்துட்டு திரும்பி வந்தவர் மேல மொத்தமும் அடிச்சு, சுவத்துல ஆள் உருவத்துக்கு மட்டும் பெயின்ட் விட்டுப்போகும். அவனை விட்டுட்டு ஓடினவங்கள்ல ஒருத்தர்தானே அது? அது மட்டும் நியாயம்னு ஒத்துக்கறேன்.)

#28 நாஞ்சில்_ஆர்கன்

நீல வண்டிய மறந்தாச்சே எல்லாரும். எனக்க பதில் இது. அந்த மூணு சக்கர ரிலையன்ட் வண்டிய ஓட்டுதவன் மொகத்த நமக்குக் காட்ட மாட்டாவ. முதல் எபிசோடுலருந்தே கவுக்கான், தள்ளுதான், ஓரங்கட்டுதான். ஒரு தடவ ரோட்டோரமா நின்னு லிஃப்ட் கேக்கும்போ அந்த வண்டியே நிக்கும், இவன் கண்டுக்காத மாதிரி நிப்பான்! ஆனா உள்ள இருக்கவன் வலியில கத்துததக் காட்டுனா ஒருத்தரும் சிரிக்க மாட்டோம். மொகம் இல்லாததுனால அது வண்டி மட்டுந்தாம். இர்மாவுக்கு மொகம் இருக்கு. அந்த அக்கா மட்டில்டா சீக்லர், மொகத்துலயே அவ்வளவும் நடிச்சிருவா. ஒரு நிமிசம் அவ மொகம் முன்னால வந்து நிக்கயில இவனுக்க மொகம் தோத்துப் போவுது. அதாம் உறுத்துது.

#29 பழைய_ஆண்டெனா

நாஞ்சில், நான் நாலாம் பதிவில் கணக்கு நேராகவில்லை என்று எழுதினேனே, அதை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்கிறேன்.

#30 வயர்மேன்_95

ஆனா ஒண்ணுங்க, மூணு சக்கர வண்டி திருப்பத்துல கவுர்றது பீன் தப்பு மட்டுமில்ல. முன்னாடி ஒத்தைச் சக்கரம் இருந்தா அப்படித்தான். டிசைன் பிரச்சினை.

#31 டீக்கடை_பெஞ்சு

இன்ஜினியர் வந்துட்டார்யா

#32 மழைக்காகிதம்

நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பொண்ணுக்குக் காய்ச்சல்.

ஒண்டாரியோ சொன்ன எபிசோடைப் பாத்தோம். முள்ளைத் தள்ளி வைக்கிற இடத்துல அவ சிரிக்கலை. "அவங்க ஏம்மா பொய் சொல்லிட்டுப் போறாங்க"ன்னா. சரி, இன்னைக்கும் போச்சுடான்னு நெனச்சேன். அப்புறம் அந்த பெயின்ட் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நியூஸ்பேப்பர்ல சுத்தறான் இல்லையா, கிண்ணத்துல இருக்கிற திராட்சையைக் கூட ஒவ்வொண்ணா சுத்தி வெச்சிருப்பானே... அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. இருமல் வந்து தண்ணி கொடுக்க வேண்டியதாச்சு. மறுநாள் சாப்பாட்டுத் தட்டுல இருந்த பட்டாணியை எல்லாம் டிஷ்யூல சுத்தி வெச்சிருந்தா.

எனக்கு இன்னும் அவன் மேல கோவம் இருக்கு. கிறிஸ்துமஸ் எபிசோடை மட்டும் இனி தனியாத்தான் பாப்பேன்னு நெனைக்கிறேன்.

நாஞ்சில் அண்ணா சொன்னதை அவகிட்ட சொன்னேன், அந்த நீல வண்டி ஓட்டுறவரோட முகத்தை யாருமே பாத்ததில்லையாம்னு. உடனே நோட்டை எடுத்துட்டுப் போய் வரைஞ்சுட்டு வந்தா. வழுக்கைத் தலை, பெரிய மீசை, கண்ணாடி.

#33 நாஞ்சில்_ஆர்கன்

சக்கரம் மூணு போட்டாளா?

#34 மழைக்காகிதம்

மூணுதான். மூணும் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு.